நுண்ணுயிர் நொதிப்பினால் படர்வுப் பொருள் உண்டாக்குதல்

சேப்பங்கிழங்கு இலையின்மீது தண்ணீரைத் தெளித்தால் அது ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டோடிவிடும் என்பது யாவரும் அறிந்ததே. நெல், வெங்காயம், முட்டைக்கோசு முதலிய பயிர்களின் இலைகளும் பெரும்பாலும் இத்தன்மை உடையனவே. இவற்றின் மேற்புறத்தில் மெழுகு போன்ற ஒரு பூச்சு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. ஆகவே வேப்பங்கொட்டைச் சாற்றையோ வேறு மருந்தையோ வெறுந் தண்ணீரில் கலந்து தெளித்தால், அதில் பெரும்பகுதி இலையில் தங்காமல் தரையில் விழுந்து வீணாகிறது. தெளிப்பானுக்கு வாடகையும், ஆளுக்குக் கூலியும், மருந்துக்கு விலையும் கொடுத்த விவசாயி, மறுவாரம் பூச்சி குறையாதிருப்பதைக் கண்டு மருந்து போலி என்று பழிக்கிறார். போலி மருந்தும் கடைகளில் இல்லாமலில்லை. ஆயினும் பல சமயங்களில் குற்றம் மருந்தினுடையதன்று. இலையில் படராத நீரினுடையதே.

தண்ணீருக்குத் தன் மேற்பரப்பை இயன்றவரை சுருக்கிக்கொள்ளும் இயல்பு உண்டு. துளி உருண்டையாக இருப்பது இதனாலேதான். இவ்விழுவிசையை அளந்து கூறுவதும் உண்டு. சாதாரண வெப்பத்தில் சுத்தமான தண்ணீருக்கு இது சென்டிமீட்டர் ஒன்றுக்கு 72 டைன் ஆகும். இவ்வளவு 30 டைனுக்கு அருகில் இறங்குமானால், உருண்டு நின்ற துளி இலையில் படுத்துப் பரவிவிடும். அவ்வாறு இறங்கச் செய்யும் பொருள்களே இங்கே படர்வுப் பொருள்கள் எனப்படுகின்றன. கடைக்காரர்கள் சர்பேக்டன்ட் என்று சொல்வதும் இதையே. இப்பொருளின் அணுத்திரள் ஒவ்வொன்றிலும் ஒரு முனை நீரை விரும்புவது. மறுமுனை எண்ணெயையும் மெழுகையும் விரும்புவது. ஆதலால் அது நீருக்கும் மெழுகுக்கும் இடையில் நின்று இரண்டையும் இணைக்கிறது. சோப்பு அழுக்கைப் போக்குவதும் இவ்வழியினாலேயே.

நம் நாட்டார் இதற்கென்று பூவந்திக்காயையும், சிகைக்காயையும், அரப்பையும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கும்போது 200 லிட்டருக்கு 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்கவேண்டுமென்று விவசாய இலாகாவினர் வற்புறுத்துவதும் இதனாலேதான். ஆனால் சோப்பில் ஒரு குறை உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் அது நுரைக்காமல் தயிர்போலத் திரிந்துபோகும். போர்டோ கலவையில் சோப்பைச் சேர்த்தாலும் இக்கதியே நேரும். திரிந்த சோப்பு தெளிப்பானின் மூக்கையும் அடைத்துவிடும்.

பூவந்தி மரத்தைப்போலவே சில நுண்ணுயிர்களும் படர்வுப் பொருளை உண்டாக்குகின்றன. இவற்றைக் கலங்களில் வளர்த்து, மொலாசஸையும் கிழங்கு ஆலைக் கழிவுநீரையும் ஊட்டி, அப்பொருளைப் பிரித்தெடுக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். இதுபற்றிய பேச்சு இப்பொழுது கிராமங்களிலும் பரவியிருப்பதால், இதில் உள்ள உண்மையும் இடையூறும் என்னவென்று நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

வைக்கோலில் வாழும் நுண்ணுயிர்

வைக்கோலைத் தண்ணீரிலிட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஓரிரு நாள் வைத்திருந்தால் நீரின்மேல் சுருக்கம் விழுந்த ஓர் ஏடு படியும். கொதிநீரில் மற்ற நுண்ணுயிர்கள் மடிந்தாலும், சிலவகை மட்டும் கடினமான உறையுள்ள வித்துக்களாக மாறிப் பிழைத்திருந்து, நீர் ஆறியபின் மீண்டும் பெருகுகின்றன. இவற்றுள் முக்கியமான ஒன்றுக்கு 1872-ம் ஆண்டில் பெர்டினாண்ட் கோன் என்னும் ஜெர்மானிய அறிஞர் பாசில்லஸ் சப்டிலிஸ் என்று பெயரிட்டார். வயல் மண்ணிலும் பயிர்களின் வேரிலும் இது எங்கும் காணப்படும். ஜப்பானியர் வேகவைத்த சோயாமொச்சையில் இவ்வினத்தை வளரவிட்டு, நூல்நூலாக இழுபடும் நாட்டோ என்னும் உணவைச் செய்து உண்கின்றனர். ஆகவே இது பெரும்பாலும் தீங்கற்ற இனம் எனலாம்.

இவ்வுயிர் வெளியிடும் படர்வுப் பொருளை 1968-ம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்துச் சர்பேக்டின் என்று பெயரிட்டனர். அவர்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைத் தேடியபோது இது அகப்பட்டது. ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்திருக்க, அவ்வளையத்தோடு ஒரு கொழுப்பு அமிலம் இணைந்திருப்பதே இதன் அமைப்பு. இது தண்ணீரின் இழுவிசையை 72 டைனிலிருந்து ஏறக்குறைய 27 டைனுக்கு இறக்கிவிடும். இதற்குத் தேவைப்படும் அளவோ மிகச் சொற்பம். துணி சோப்புத்தூள்களிலும் பற்பசைகளிலும் சேரும் சோடியம் லாரில் சல்பேட் என்னும் செயற்கைப் பொருள் தன் முழு வேலையைச் செய்ய லிட்டருக்கு ஏறக்குறைய 2,300 மில்லிகிராம் வேண்டும். சர்பேக்டினுக்குச் சில பத்து மில்லிகிராமே போதும்.

நுண்ணுயிர் இதைச் செய்வது மனிதனுக்காக அன்று. ஈரமான பரப்பின்மீது கூட்டமாக நகர்ந்து செல்லவும், எண்ணெய்ப்பசையுள்ள இரையைக் கரைத்துக்கொள்ளவும், போட்டியிடும் பிற உயிர்களை விரட்டவும் அதற்கு இப்பொருள் உதவுகிறது. அதனால்தான் தனியாக இருக்கையில் இதைச் செய்யாமல், கூட்டம் பெருகியபின்பே செய்யத் தொடங்குகிறது. நொதிகலத்தில் முதல் சில மணிநேரம் ஒன்றும் தோன்றாதிருந்து, பிறகு திடீரென்று நுரை எழுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது வகைப் பொருள் ராம்னோலிப்பிட் என்பது. சூடோமோனாஸ் எருகினோசா என்னும் நுண்ணுயிர் இதனை வெளியிடுகிறதென்று 1949-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்விஸ், ஜான்சன் என்னும் இருவர் விவரித்தனர். ராம்னோஸ் என்ற சர்க்கரையும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தது இது. சோயா எண்ணெயை இரையாக ஊட்டி, லிட்டருக்கு 100 கிராமுக்கு மேலும் இதை எடுத்திருக்கின்றனர். சர்பேக்டினில் கிடைப்பதோ லிட்டருக்குச் சில கிராம்களே. இவ்வளவு மிகுதியாகத் தரும் உயிர் மனிதருக்குப் பகையாக இருப்பதுதான் வருந்தத்தக்கது. தீப்புண்ணிலும் கண்ணிலும் புகுந்து சீழ்பிடிக்கச் செய்யும் கிருமி இதுவே. பல மருந்துகளுக்கும் இது எளிதில் அடங்குவதில்லை. இதைப்பற்றிப் பின்னும் சொல்லவேண்டியிருக்கிறது. மூன்றாவதான சோபோரோலிப்பிட் என்பதைத் தருவது பாக்டீரியாவன்று, ஒருவகை ஈஸ்ட்; ஆதலால் அது இங்கே விரிக்கப்படவில்லை.

நொதிப்பு நடைபெறும் விதம்

பதநீர் கள்ளாவதும், மாவு புளிப்பதும் நொதிப்பே. ஆனால் அவை தாமாக நடப்பவை. காற்றிலும் பாத்திரத்திலும் உள்ள உயிர்கள் பல சேர்ந்து செய்பவை. இங்கே கூறப்படும் நொதிப்பு அத்தகையதன்று. ஓர் இனத்தை மட்டும் தனியாக வைத்து, வேறெதுவும் உள்ளே நுழையாமல் காத்து வளர்ப்பதே இதன் உயிர்நாடி. நாற்றங்காலில் ஒரே இரக நெல்லை வைத்துக் கலப்பு நாற்றைப் பிடுங்கி எறிவதுபோல் இதைக் கருதலாம். ஆனால் நாற்றங்காலில் கலப்பைக் கண்ணால் காணலாம். நொதிகலத்தில் காண முடியாது.

முதலில் தேர்ந்தெடுத்த நுண்ணுயிரைச் சிறு குப்பியில் ஊட்ட நீரில் வளர்த்து விதைநீர் தயாரிப்பர். பெரிய கலத்தில் இடும் ஊட்ட நீரில் லிட்டருக்கு 40 கிராம் குளுக்கோஸும், 4 கிராம் அம்மோனியம் நைட்ரேட்டும், பாஸ்பேட்டு உப்புக்களும், சிறிது மெக்னீசியமும், மிகச் சொற்பமாக இரும்பும் சேர்ப்பது ஆராய்ச்சி சாலைகளில் வழங்கும் ஒரு முறை. இக்கலவையைச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு நீராவி அழுத்தத்தில், 121 டிகிரி சென்டிகிரேடில், கால்மணி முதல் இருபது நிமிஷம் வரை வேகவைத்துத் தூய்மை செய்வர். வெறும் கொதிநீரின் வெப்பம் உறைவித்துக்களைக் கொல்லாது என்பது வைக்கோல் கஷாயத்திலேயே தெரிந்ததன்றோ! ஆறியபின் விதைநீரைச் சேர்த்து, 30 முதல் 37 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாள் வளர்ப்பர்.

இங்கேதான் பெரிய தொல்லை ஆரம்பமாகிறது. இவ்வுயிர் செழித்து வளரப் பிராணவாயு ஏராளமாக வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய பிராணவாயு 8 மில்லிகிராமுக்கும் குறைவே. கூட்டம் பெருகியபின் அது நொடிப்பொழுதில் தீர்ந்துவிடும். ஆதலால் வடிகட்டிச் சுத்தப்படுத்திய காற்றை இடைவிடாது அடியிலிருந்து செலுத்திக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அப்படிக் காற்றை ஊதும் நீரிலோ உலகத்திலேயே நன்றாக நுரைக்கும் பொருள்களில் ஒன்று விளைந்துகொண்டிருக்கிறது! நுரை கலத்தை நிரப்பி, மூடியைத் தள்ளி, காற்றுக் குழாய் வழியே வழிந்து, வடிகட்டியை நனைத்துக் கெடுத்துவிடும். நுரையோடு நுண்ணுயிரும் ஊட்டமும் வெளியேறிப் போகும். நுரையடக்கும் எண்ணெயைச் சேர்த்தாலோ, பிறகு பொருளைப் பிரித்தெடுப்பது கடினமாகிறது.

இத்தொல்லையையே உபாயமாக மாற்றிய பெருமை கனடா நாட்டு ஆராய்ச்சியாளரைச் சேர்ந்தது. 1981-ம் ஆண்டில் கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் நுரையை அடக்க முயலாமல், அது எழ எழத் தனிப் பாத்திரத்தில் வாங்கிச் சேர்த்தனர். சர்பேக்டின் நீரைவிட நுரையில் திரண்டிருப்பதால் இறைக்கவேண்டிய நீரும் குறைந்தது. பொருள் வெளியேறியதால் விளைவும் பெருகியது. இரும்பும் மாங்கனீசும் சிறிது சேர்த்தால் மகசூல் உயர்கிறது என்பதையும் அவர்களே கண்டனர். இவ்விதம் பெற்ற அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிராம். வெல்லம் காய்ச்சுவோர் பொங்கிவரும் அழுக்கு நுரையை அகப்பையால் எடுத்து எறிவர். இங்கே எடுப்பதே பொருள், மிஞ்சுவதே கழிவு.

சேர்த்த நுரைநீரிலிருந்து நுண்ணுயிர்களைக் கடைந்து நீக்கியபின், ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பு எண் 2 ஆகும்வரை புளிக்கச்செய்தால் சர்பேக்டின் வெண்மையாகத் திரிந்து அடியில் படியும். அதைத் திரட்டி, மெதனால் போன்ற திராவகத்தில் கரைத்துச் சுத்தம் செய்வர். பயிருக்குத் தெளிப்பதற்கு அவ்வளவு தூய்மை வேண்டுவதில்லை. ஆயினும் அமிலமும் கடைசலும் நீக்கமுடியாத செலவுகளே. இப்பொருள்கள் இன்னும் சோப்பைவிடப் பன்மடங்கு விலை பெறுவது நுண்ணுயிரின் குற்றத்தால் அன்று. பெருவெள்ளத்தில் கரைந்திருக்கும் சிறு பொருளை மீட்கும் செலவே அதற்குக் காரணம்.

கழிவிலிருந்து விளைவித்தல்

குளுக்கோஸை விலைகொடுத்து வாங்கி ஊட்டினால் கட்டாது. ஆகவே மலிவான இரையைத் தேடும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடந்தது. சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மக்கர், கமேயோத்ரா என்னும் இருவர் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸில் பாசில்லஸ் சப்டிலிஸை வளர்த்து, 1997-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் வளர்த்த இனங்கள் 45 டிகிரி வெப்பத்திலும் வேலை செய்தன. இது நம்போன்ற உஷ்ண தேசத்துக்கு மிகவும் அனுகூலமான செய்தி. நொதிகலம் தானாகவே சூடேறும் இயல்புடையது. சித்திரை வெயிலில் அதை 30 டிகிரிக்குக் குளிர்விப்பது எளிதன்று. அஸ்ஸாமில் தேஜ்பூர்ப் பல்கலைக்கழகத்தினர் உருளைக்கிழங்குத் தோலிலிருந்து இதைச் செய்து, 2007-ம் ஆண்டில் விவரித்தனர்.

நம் மாகாணத்தார்க்கு மிகவும் நெருங்கிய செய்தி பிரேசில் நாட்டிலிருந்து வருவது. அந்நாட்டில் மரவள்ளிக்கிழங்கைத் துருவி, நெருக்கிப் பிழிந்து, வறுத்து மாவாக்கி உண்பர். பிழியும்போது வெளிவரும் பால்போன்ற நீருக்கு அங்கே மானிப்புவெய்ரா என்று பெயர். அதில் சர்க்கரையும் மாவும் தாதுஉப்புக்களும் மிகுதி. கிழங்கின் நஞ்சான சயனைடும் உண்டு. ஆற்றில் விட்டால் மீன் சாகும். நிட்ஷ்கே, பாஸ்தோரே என்னும் பெண் ஆராய்ச்சியாளர் இருவர் இந்நீரைக் கொதிக்கவைத்து, வண்டலை நீக்கி, அதில் பாசில்லஸ் சப்டிலிஸை வளர்த்தனர். 2006-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி லிட்டருக்கு 3 கிராம் படர்வுப் பொருள் கிடைத்தது. அது இழுவிசையை 27 டைனுக்கும் சற்றுக் கீழே இறக்கியது. தன் முழுப் பயனைத் தர லிட்டருக்கு 33 மில்லிகிராமே அதற்கு வேண்டியிருந்தது. வேறு இரை ஒன்றும் விலைக்கு வாங்கவில்லை. 2008-ம் ஆண்டில் இம்முறையைச் சற்றுப் பெரிய கலத்திலும் செய்து, பொருளை நுரையாகவே வெளியேற்றிச் சேர்த்தனர்.

இதைச் சேலம், நாமக்கல், தருமபுரி ஜில்லாக்களில் குச்சிக்கிழங்கு பயிரிடுவோர் கூர்ந்து கவனிக்கவேண்டும். 1943-ம் ஆண்டு முதல் சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் தோன்றி வளர்ந்தன. அவற்றால் கிழங்குக்கு விலையும், கிராமத்தாருக்கு வேலையும் கிடைத்தன; ஆலைகளுக்கு அருகிலிருந்தோருக்குக் கழிவுநீரின் துர்நாற்றமும், கெட்டுப்போன கிணறுகளும்கூடக் கிடைத்தன. திப்பியைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கலாம். நீரை என்ன செய்வது என்பதே வெகுகாலமாக வழக்கும் மனுவுமாக இருந்துவருவது.

பிரேசிலில் செய்ததை இங்கும் அப்படியே செய்யலாம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது தவறாகும். அங்கே நெருக்கிப் பிழிந்த சாறு. இங்கே மாவைக் கழுவித் தெளியவைத்த நீர். ஜவ்வரிசி ஆலையில் மாவுப்பாலைப் பிரிக்க ஏராளமான தண்ணீரை ஊற்றுகின்றனர். அதனால் கழிவில் சர்க்கரை மிகவும் நீர்த்துப்போய்விடுகிறது. இளைத்த நீரில் நுண்ணுயிரும் இளைத்தே வளரும். அதை 121 டிகிரிக்குச் சூடேற்றுவதற்கு எரியும் விறகின் விலைக்கும் விளைவு கட்டாமற்போகலாம். தொட்டியில் முதலில் வடியும் கெட்டியான நீரை மட்டும் தனியே பிடித்தால் ஒருகால் பயன்படும். மீதி நீருக்குச் சாணவாயுக் கலம் போன்ற எரிவாயுக் கலமே தக்கது. அங்கே வேலை செய்யும் உயிர்கள் கலப்பாக இருந்தாலும் கெடுதியில்லை. காற்றும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். சில ஆலைகள் இவ்வழியை மேற்கொண்டுள்ளன.

கணக்கையும் பார்க்கவேண்டும். பிரேசில் கணக்குப்படியே எல்லாம் நடந்தாலும் 1,000 லிட்டர் கெட்டிச் சாற்றில் கிடைப்பது 3 கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பதாகக் கொண்டால், லிட்டருக்கு 33 மில்லிகிராம் வீதம் 7 கிராமுக்கும் குறைவாகவே வேண்டும். ஆனால் மருந்துத்தூளும் இலையும் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்ளுமாதலால் அதைப்போல் பத்து மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 66 கிராம் ஆகும். அதாவது 3 கிலோ ஏறக்குறைய 45 ஏக்கருக்குக் காணும். காதி சோப்பு ஏக்கருக்கு 200 கிராம். எடையில் மூன்றிலொரு பங்கே வேண்டும் என்பது உண்மையே. ஆகவே சோப்பின் விலையைப்போல் மூன்று மடங்குக்குள் இப்பொருள் கிடைத்தால்தான் விவசாயிக்கு லாபம். அந்நிலை இன்னும் வரவில்லை.

கிராமத்தில் இத்தகைய ஆலை வைப்பதாகக் கூறிப் பங்குப்பணம் சேர்ப்போர் வரக்கூடும். கிராம அதிகாரிகளும் பெரிய நிலக்காரரும் அவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டறிதல் நலம். எந்த இனத்தை வளர்க்கப்போகிறார்கள், அதைத் தூய்மையாக வைத்துத் தருவது யார்? மின்சாரம் நின்றால் காற்றுக்கு என்ன ஏற்பாடு? லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்? பொருளைப் பிரித்தபின் மிஞ்சும் நீரை எங்கே விடப்போகிறார்கள்? கடைசிக் கேள்வியை ஒருபோதும் மறக்கலாகாது. பொருள் எடுக்கப்பட்டதனால் கழிவுநீர் தண்ணீராகிவிடாது. அதில் அமிலம் புதிதாகச் சேர்ந்திருக்கும். சுண்ணாம்பிட்டுச் சமப்படுத்தாமல் வாய்க்காலில் விட்டால் முன்னிருந்ததைவிடக் கேடே விளையும்.

வீட்டில் செய்யலாமா?

பஞ்சகவ்யத்தையும் அமுதக்கரைசலையும் பீப்பாயில் ஊறவைத்துப் பழகிய விவசாயிகளுக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. ஒருவர் கடையில் நுண்ணுயிர்ப்பொடி வாங்கி, வெல்லக் கழிவைக் கரைத்த பீப்பாயில் இட்டு, தினம் கோலால் கலக்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் நுரை பொங்கும். காரியம் கைகூடிற்று என்று அவர் மகிழ்வார். ஆனால் பதநீரிலும் நுரை பொங்குகிறது; அது ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவினால் எழுவதேயன்றிப் படர்வுப் பொருளால் அன்று. நுரையைக் கண்டு ஏமாறலாகாது. வெல்லக் கழிவில் முதலில் பெருகுவது பெரும்பாலும் ஈஸ்டும் புளிப்பு உயிர்களுமே. வாங்கிய இனம் அவற்றின் கூட்டத்தில் அமிழ்ந்துபோகும்.

இதோடு நின்றால் நஷ்டம் வெல்லக் கழிவு மட்டுமே. அபாயம் வேறு உண்டு. எண்ணெய்க் கசடையோ சமையலில் மிஞ்சிய எண்ணெயையோ தண்ணீரில் கலந்து, காற்றுப்பட வைத்தால், அதில் சூடோமோனாஸ் எருகினோசா தானாகவே வந்து குடியேறக்கூடும். அது மண்ணிலும் சாக்கடையிலும் சாதாரணமாக உள்ளது. எண்ணெயைக் கரைக்கும் திறமை மிகுந்ததாகையால் அத்தகைய பீப்பாயில் அது செழிக்கும். நீர் பச்சை நிறம்கொண்டு, பழ வாசனை போன்ற ஒரு மணமும் வீசலாம். சேப்பங்கிழங்கு இலையில் அந்நீரை விட்டால் நன்றாகப் படரவும் செய்யும்! அதைத் தெளிப்பானில் ஊற்றித் தெளித்தால், பனிபோன்ற துளிகள் ஆளின் கண்ணிலும், நெற்சோகை கீறிய கைப்புண்ணிலும் விழும். கருவிழியில் இக்கிருமி புகுந்தால் சில நாட்களுக்குள் பார்வையே போய்விடக்கூடும். நெல் அறுவடையிலும் கதிரடிப்பிலும் கண்ணில் உமி குத்தியோர் இதற்கு எளிதில் இரையாவர். ஆகவே எண்ணெயை ஊறவைத்த எந்த நீரையும் தெளிப்பானில் ஏற்றவே கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவி, தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும். தாய்ப்பாலும் மூலிகைச் சாறும் விட்டுக்கொண்டு நாளைப் போக்கலாகாது.

பெரிய ஆலைக்காரரும் இக்கிருமிக்கு அஞ்சியே வேறு வழி தேடினர். எவோனிக் என்னும் ஜெர்மானிய நிறுவனம் ஸ்லோவாக்கியா நாட்டில் ஒரு பெரிய ஆலையை நிறுவி, 2024-ம் ஆண்டில் ராம்னோலிப்பிட் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே எருகினோசாவை வளர்ப்பதில்லை. பொருளைச் செய்யும் மரபுக்கூறுகளை மட்டும் சூடோமோனாஸ் புட்டிடா என்ற தீங்கற்ற உறவினத்துக்கு மாற்றி, அதற்குச் சர்க்கரையை ஊட்டுகின்றனர்.

இப்போது கைக்கு எட்டுவது

ராம்னோலிப்பிட்டுக்கு விவசாயத்தில் தனிப்பட்ட ஒரு பயன் உண்டு. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், வெற்றிலைக் கொடிக்காலிலும் மிளகுத் தோட்டத்திலும் வாடலையும் அழுகலையும் உண்டாக்கும் பைட்டாப்தோரா முதலிய பூஞ்சணங்கள், பாய்ச்சும் நீரில் நீந்திச் செல்லும் வித்துக்களால் பரவுகின்றன. இவ்வித்துக்களுக்கு மேலோடு கிடையாது. மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. ராம்னோலிப்பிட் பட்டவுடன் அச்சவ்வு கிழிந்து அவை வெடித்துப்போகின்றன என்று 1997-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டாங்கெல்லினி, மில்லர் என்பவர் எழுதினர். 2004-ம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் இதைப் பூஞ்சண மருந்தாகப் பதிவும் செய்தது. ஆனால் மேலோடுள்ள மற்றப் பூஞ்சணங்களிடத்தில் இந்தத் தாக்குதல் இவ்வளவு எளிதாகச் செல்லாது.

சர்பேக்டினைப் பொறுத்தமட்டில், அதை விலைகொடுத்து வாங்காமலே பெறுதற்கு ஒரு வழி இருக்கிறது. பயிரின் வேர் மண்ணுக்குள் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. அவ்விடத்தில் பாசில்லஸ் சப்டிலிஸ் குடியிருந்தால், அங்கேயே அச்சர்க்கரையை உண்டு, அங்கேயே சர்பேக்டினை வெளியிடும். அதன் துணைகொண்டு வேரின்மீது ஏடுபோலப் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். 2007-ம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர் பீன்ஸிலும் தக்காளியிலும் கண்டது மற்றொரு விசேஷம். சர்பேக்டின் பட்ட பயிர் தன் உடல் முழுவதிலும் நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தூண்டிக்கொள்கிறது. காற்றூதும் இயந்திரமும், அமிலமும், கடைசலும் இல்லாமல் நடக்கும் நொதிப்பு இது.

இதற்கென விற்கப்படும் பாசில்லஸ் சப்டிலிஸ் பொடியைக் கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதைக்கலாம். வயலுக்கு இடுவதானால் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது தூவவேண்டும். போர்டோ கலவை முதலிய தாமிர மருந்துகளோடு சேர்த்தால் நுண்ணுயிர் செத்துப்போகும். தாமிர மருந்திட்ட விதைக்கும் இது உதவாது. பொட்டலத்தில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். கடைவாசலில் வெயிலில் அடுக்கிய பொட்டலத்தை வாங்காதிருப்பதே நன்று.

உயிரிப் படர்வுப் பொருள் என்ற பெயரோடு புட்டிகளில் விற்கும் திரவத்தை வாங்குவோர், அதன் தரத்தை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். சேப்பங்கிழங்கு இலையையோ தாமரை இலையையோ தட்டையாக விரித்து, தம் கிணற்று நீரில் ஒரு துளியை அதன்மேல் விடவேண்டும். அது உருண்டு நிற்கும். பிறகு விற்பவர் சொல்லும் அளவில் திரவத்தைக் கலந்த அதே கிணற்று நீரில் ஒரு துளியைப் பக்கத்தில் விடவேண்டும். அது தட்டையாகப் படிந்தால் படர்வு உண்டு. உருண்டே நின்றால், புட்டியில் எவ்வளவு நுரை எழுந்தாலும் பயனில்லை. சோதனையைக் குழாய் நீரில் செய்துவிட்டுத் தெளிப்பதைக் கிணற்று நீரில் செய்யலாகாது. இரண்டு நீரின் சுண்ணாம்புச் சத்தும் வேறுபடுமாதலால் முடிவும் வேறுபடும். காதி சோப்புக் கரைசலில் ஒரு துளியையும் அருகில் விட்டு, மூன்றையும் ஒப்பிட்டபின் விலையைக் கேட்பது உசிதம்.